கல்லடியில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு ஜிம்: நோயோடு போட்டிக்குத் தயாரானவனின் மதிப்பீடு

கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் திரும்பும் வீதிகளில் ஒன்றில், ஒரு வீட்டு வளவின் பின்புறம் தகரக் கூரையின் கீழ் நடக்கும் இந்த ஜிம்முக்குப் பெயர்ப்பலகை இல்லை. மாஸ்டரின் ஜிம் என்று கேட்டால் சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரர் எவரும் கொண்டுபோய் விடுவார். ஆணழகன் போட்டிக்கோ மென்ஸ் பிசிக் பிரிவுக்கோ தயாராக விரும்பும் ஒருவருக்கு, அதிலும் நாட்பட்ட வருத்தம் ஒன்றைச் சுமந்துகொண்டு அதைச் செய்ய நினைப்பவருக்கு, மட்டக்களப்பில் நான் பயிற்சி செய்த இடங்களுள் இதையே முதலில் பரிந்துரைப்பேன். இயந்திரங்களுக்காகப் பரிந்துரைக்கவில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அந்த வகையில் இது நகரின் நடுத்தர ஜிம்களுக்கும் ஒரு படி கீழேதான் நிற்கிறது.

இருப்பதைச் சொல்கிறேன். டம்பல்கள் முப்பத்தைந்து கிலோ வரை சோடியாக உள்ளன. அதற்கு மேல் வேண்டுமென்றால் பார்பெல்லைத்தான் நாட வேண்டும். சாய்வை மாற்றக்கூடிய இரண்டு பெஞ்சுகளும், உள்ளூர் ஒட்டுவேலைக்காரர் ஒருவர் செய்துகொடுத்த உறுதியான ஸ்குவாட் தாங்கியும், ஒரேயொரு கேபிள் இயந்திரமும், இரண்டு நிலைச் சைக்கிள்களும் இருக்கின்றன. ஓடுபொறி இல்லை, ஓட வேண்டியவர்களைக் கடற்கரைக்குப் போகச் சொல்கிறார்கள்.

என் நிலையை விளக்கினால்தான் இந்த மதிப்பீட்டின் அளவுகோல் விளங்கும். மென்ஸ் பிசிக் என்பது முழங்கால் வரை நீளும் கட்டைக் காற்சட்டையுடன் மேடையேறி, நடுவர் சொல்லச் சொல்லக் கால் வட்டமாகத் திரும்பி நிற்கும் பிரிவு. உலகின் பெரிய ஆணழகன் போட்டியான ஒலிம்பியாவின் மேடைக்கு அது 2013 இல்தான் வந்தது. தொடைப் பருமனைக் காட்ட வேண்டியதில்லை என்றாலும் தோளின் அகலமும் இடையின் ஒடுக்கமும் முதுகின் விரிவும் கூர்ந்து பார்க்கப்படுவதால், தசையை இழக்காமல் கொழுப்பை மட்டும் மெல்ல மெல்லக் குறைக்கும் நீண்ட தயாரிப்பு தேவை. எனக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா இருக்கிறது. தயாரிப்பின் நடுவே, மாரிமழை ஓய்ந்த கையோடு, டெங்குக் காய்ச்சலும் வந்து சேர்ந்தது. ஆகவே ஒரு ஜிம்மில் நான் பார்ப்பது, சுகதேகியான இருபது வயது இளைஞர் பார்ப்பதிலிருந்து வேறுபட்டதாகத்தான் இருக்கும்.

முதலில் காற்றைப் பற்றி. உடற்பயிற்சியால் மூச்சுக்குழாய் சுருங்கும் எம்போன்றவர்களுக்குக் குளிர்ந்த, வறண்ட காற்று ஆகாது. வேகமாக மூச்சு வாங்கும்போது அது மூச்சுப்பாதையின் ஈரத்தை உறிஞ்சிச் சுருக்கத்தைத் தூண்டுகிறது. நகரில் குளிரூட்டப்பட்ட ஒரு நிலையத்தில் நான் சில மாதங்கள் பயிற்சி செய்தபோது, மூன்றாவது செட் முடியுமுன் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். மாஸ்டரின் ஜிம்மில் ஏசி இல்லை. பலர் இதைக் குறையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் நுரையீரலுக்கோ கடலோரத்தின் வெதுவெதுப்பான ஈரக் காற்று நன்றாகவே ஒத்துப்போனது. ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் கதை மாறிவிடுகிறது. அந்தக் காற்று சூட்டோடு புழுதியையும் அள்ளிக்கொண்டு வரும். மத்தியானத்தில் தகரக் கூரையின் கீழ் நிற்கவே முடியாது. மாஸ்டர் அதற்காக மேற்குப் பக்கத்தில் நெருக்கமான பச்சை வலை கட்டி, காலை மாலை இரு வேளையும் தரையை ஈரத்துணியால் துடைக்கச் செய்கிறார். கையில் பூசும் வெள்ளைச் சுண்ணத்தூளைக் கொட்டித் தட்டுவதற்கு இங்கே அனுமதி இல்லை; ஒரு மூலையில் மூடியுள்ள வாளிக்குள் கையை விட்டுத்தான் பூச வேண்டும். உடம்புக்கு அடிக்கும் வாசனை ஸ்பிரேயை உள்ளே பாவித்தால் அன்றைக்குத் திரும்பி வீட்டுக்குத்தான். இவ்விரு விதிகளும் எனக்காகப் போடப்பட்டவை அல்ல, நான் சேருமுன்பே இருந்தவை என்பதை அறிந்தபோதுதான் இந்த இடத்தின் மீது எனக்கு மதிப்பு வந்தது.

பயிற்சியின் தொடக்கத்தில் பதினைந்து நிமிடம் சைக்கிளில் கூட்டியும் குறைத்தும் மிதிக்க வைப்பது மாஸ்டரின் வழக்கம். ஆஸ்துமாக்காரர்களுக்கு இது வெறும் சம்பிரதாயமல்ல. இப்படி உடம்பைச் சூடாக்கிய பின்னர் சிறிது நேரத்துக்கு மூச்சுக்குழாய் அவ்வளவு இலகுவில் சுருங்காது; கனமான வேலைகளை அந்த நேரத்துக்குள் முடித்துக்கொள்வது எனக்குப் பெரும் உதவியாக இருந்தது. மாஸ்டருக்கு இந்தக் காரணம் தெரியுமா, அனுபவத்தில் கண்டுகொண்டாரா என்று நான் கேட்கவில்லை.

அடுத்தது மருந்து. கேபிள் இயந்திரத்துக்கு மேலே சுவரில், பொலித்தீன் உறைக்குள் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது: போட்டியாளர்கள் பாவிக்கும் எல்லா மருந்துகளின் பெயரையும் முதல் நாளிலேயே எழுதித் தர வேண்டும் என்பது அதன் முதல் வரி. இலங்கையில் 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னர், ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையத்தின் சோதனை எந்த விளையாட்டு வீரருக்கும் எதிர்பாராமல் வரலாம்; உடம்பில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால், அது எப்படி வந்தது என்பதற்கும் வீரரே பொறுப்பு. ஆஸ்துமாக்காரருக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மூச்சுக்குழாயை விரிக்க இன்ஹேலர் மூலம் எடுக்கும் சல்பியூட்டமோல் மருந்துக்கு உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையத்தின் விதி இடம் கொடுக்கிறது, ஆனால் 24 மணித்தியாலத்தில் 1,600 மைக்ரோகிராமுக்கு மேற்படாமலும், எந்த எட்டு மணித்தியாலத்திலும் 600 மைக்ரோகிராமைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். வழமையான இன்ஹேலர் ஒரு தடவைக்கு 100 மைக்ரோகிராம் விடுவதால், எட்டு மணித்தியாலத்துக்கு ஆறு தடவை என்பதே எல்லை. அதே மருந்தைக் குளிசையாக விழுங்குவது தடை. மூச்சு முட்டி வைத்தியசாலைக்குப் போனால் ஆவியாகப் பிடிக்க வைக்கும் அளவு இந்த எல்லையை இலகுவாகத் தாண்டிவிடும். ஆஸ்துமா கடுமையாகும்போது கொடுக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் எதையும் எடுக்கத்தான் வேண்டும், எடுத்த பின் மருத்துவக் காரண விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும். இத்தனையையும் ஒரு ஜிம் மாஸ்டர் எனக்கு விளக்கி, கிளினிக் கொப்பியின் பிரதியொன்றை எடுத்து வைக்கச் சொன்னார் என்பது இந்த ஊரில் நான் எதிர்பார்த்த ஒன்றல்ல.

ஒப்பிட்டுப் பார்க்க வேறோர் இடத்தைச் சொல்கிறேன். நான் முன்பு போன ஒரு நிலையத்தில், 'கொழுப்பை எரிக்கும்' குளிசை என்று பெயரில்லாத ஒரு போத்தலை நீட்டினார்கள். மூச்சு இழுப்புக்கும் இது நல்லது, இரண்டு வேலையும் ஒன்றாக முடியும் என்றார் அங்கிருந்தவர். அந்த இரண்டாவது வாக்கியமே என்னை எச்சரித்தது. மூச்சுக்குழாயை விரிப்பதோடு கொழுப்பையும் குறைப்பதாகச் சொல்லி இந்த விளையாட்டில் கைமாறும் கிளென்பியூட்டரோல் எந்த நேரத்திலும் தடைசெய்யப்பட்டது; நெஞ்சுப் படபடப்பையும் கைநடுக்கத்தையும் தரக்கூடியது. மாஸ்டரின் ஜிம்மில் எந்தத் தூளும் போத்தலும் விற்கப்படுவதில்லை. வருமானத்தில் இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது ஜிம் நடத்துபவர்களுக்குத் தெரியும்.

டெங்கு வந்த கதைக்கு வருவோம். காய்ச்சல் தொடங்கிய முதல் இரண்டு நாட்களும் உடம்பெல்லாம் முறித்துப் போட்டது போன்ற நோவு இருந்தது. கூடப் பயிற்சி செய்யும் ஒருவர், தோள் நோவுக்குத் தான் போடும் டைக்குளோபெனாக் குளிசையில் ஒன்றை எடுக்கும்படி தொலைபேசியில் அன்போடு வற்புறுத்தினார். டெங்கு என்ற சந்தேகம் இருக்கும்போது டைக்குளோபெனாக், ஐபுபுரூபன், அஸ்பிரின் ஆகியவற்றை எடுத்தால் இரத்தக்கசிவுக்கான வாய்ப்புக் கூடும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இதே வகைக் குளிசைகள் மூச்சுத் திணறலையும் கொண்டுவரும். பரசிட்டமோல் மட்டுமே என்று மறுத்துவிட்டு, மூன்றாம் நாள் இரத்தம் சோதித்து வாட்டில் அனுமதியானேன். காய்ச்சல் விட்டதும் நோய் மாறிவிட்டது என்று நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். உண்மையில் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாட்களில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நிலைமை மோசமாகலாம். குடித்த நீரையும் போன சிறுநீரையும் தாதியர் மில்லிலீற்றர் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் கிடந்தபடி நான் போட்டிக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து ஜிம் வாசலில் போய் நின்றபோது, மாஸ்டர் என்னைச் சைக்கிளில்கூட ஏற விடவில்லை. "டயக்னோசிஸ் கார்டக் கொண்டு வாங்க தம்பி, பாத்திட்டுச் சொல்றன்" என்றார். வைத்தியசாலையில் தந்த அந்த அட்டையையும் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் கொண்டுபோய்க் கொடுத்ததும், தன் சதுரக் கொப்பியில் என் பெயருக்குரிய பக்கத்தைத் திருப்பினார். இந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு போட்டியாளருக்கும் இதில் சில பக்கங்கள் உண்டு: திகதி, நிறை, நித்திரை, காலையில் எழுந்தவுடன் எண்ணிய நாடித்துடிப்பு, தூக்கிய பாரம் எனப் பென்சிலால் கோடு போட்ட நிரல்கள், கடைசி நிரலின் தலைப்பு 'சுகம்'. அந்தக் கடைசி நிரலில் எனக்குச் சிவப்பு மையால் 'ஈரல்' என்று எழுதினார். டெங்குவில் ஈரல் நொதியங்களின் அளவு உயர்வது வழமை. என் முடிவுகளிலும் உயர்ந்தே இருந்தது.

அதன் பிறகு அவர் சொன்னது என் பார்வையில் ஐந்தாறு டம்பல் சோடிகளைவிடப் பெறுமதியானது. கடும் பாரப் பயிற்சியும் இதே நொதியங்களை, தசையிலிருந்து, ஒரு வாரமோ அதற்கு மேலுமோ உயர்த்தி வைத்திருக்கும். ஆகவே அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு முன் குறைந்தது ஒரு வாரம் எதையும் தூக்கக் கூடாது. தூக்கினால் ஈரல் தேறவில்லையா, தசைதான் காரணமா என்று வைத்தியருக்கும் குழப்பம், எனக்கும் வீண் பயம். அதேபோலத் தசை வலுவுக்காகக் கிரியாட்டின் என்ற துணைச்சத்தை எடுப்பவர் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து கிராம் கிரியாட்டின் எடுக்கும் தசைக்காரரின் இரத்தத்தில், சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் 'கிரியாட்டினின்' என்ற கழிவுப்பொருளின் அளவு, சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதும் சற்றுக் கூடிக் காணப்படலாம். எப்போது பயிற்சி தொடங்கலாம் என்ற முடிவை மட்டும் அவர் எடுக்கவில்லை. கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்கி வரச் சொன்னார்.

எழுதி வாங்கி வந்த பின்னரும் முதல் வாரங்கள் கடற்கரை நடையோடுதான் போயின. பிறகு பழைய பாரத்தில் பாதி. காலை நாடித்துடிப்பு வழமையைவிடப் பத்துக் கூடினால் அன்றைக்கு ஓய்வு. டெங்குவுக்குப் பின் வரும் அசதியை அனுபவித்தவர்களுக்கே அது விளங்கும்: மனம் வேலை செய்யச் சொல்லும், படியேறினால் கால் நடுங்கும். போட்டியை ஒரு பருவம் தள்ளிப்போடச் சொல்லி மாஸ்டர் விண்ணப்பத்தைத் தன் மேசை இலாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். இதற்கு முன், கொழும்பிலிருந்து வாட்ஸ்அப் வழியாக எனக்கு அட்டவணை அனுப்பிக்கொண்டிருந்த ஒரு பயிற்றுவிப்பாளர், காய்ச்சலில் ஐந்து கிலோ போனதைக் கேட்டு 'வேலை மிச்சம்' என்று எழுதியிருந்தார். போனதில் பாதிக்கு மேல் தசை என்பதைக் கண்ணாடியே காட்டியது. இரண்டு பேருக்கும் நான் கட்டணம் செலுத்தினேன், அவருக்கு ஒரு மாதத்துக்குக் கொடுத்ததில் மாஸ்டரின் ஜிம்முக்கு நான்கு மாதம் போகலாம்.

உணவு விடயத்தில் எனக்கு மாஸ்டருடன் முழு உடன்பாடு இல்லை. வாரத்துக்கு உடல் நிறையின் அரை முதல் ஒரு வீதத்துக்கு மேல் குறைய விடக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். எழுபது கிலோ ஆளுக்கு 350 முதல் 700 கிராம். இது சரி. கொழுப்பு நீங்கலான உடல் நிறையில் கிலோவுக்கு 2.3 முதல் 3.1 கிராம் புரதம் என்ற கணக்கையும், அதாவது அறுபது கிலோவுக்கு 138 முதல் 186 கிராம், அவர் பின்பற்றுகிறார். அதுவும் சரி. ஆனால் அவருடைய அட்டவணையில் அவித்த முட்டையின் வெள்ளைக் கருவும் தோல் நீக்கிய கோழி நெஞ்சும் வற்றாளங்கிழங்கும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வாவியும் கடலும் இரு பக்கமும் இருக்கும் ஊரில், நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம் தரும் சூரை மீன் கோழியைவிட மலிவாகக் கிடைக்கும் நாட்களில்கூட அட்டவணை மாறுவதில்லை. கேட்டால், மீன் கறி என்றால் வீட்டில் தேங்காய்ப்பால் விடுவார்கள் என்று பதில் வரும். அதில் உண்மையும் இருக்கிறது: நூறு கிராம் தேங்காய்ப்பூவில் முப்பது கிராமுக்கு மேல் கொழுப்பு உண்டு, பிட்டுக்குள்ளும் சம்பலிலும் சொதியிலும் சேரும் தேங்காயைக் கணக்கெடுக்காமல் சோற்றை மட்டும் குறைப்பவர்களை அவர் கண்டிப்பது நியாயமே. நான் மீனை மிளகு, புளியோடு மண்சட்டியில் பால் விடாமல் வற்ற வைத்துச் சாப்பிட்டேன். சோற்றைச் சிவப்பரிசியில் அளந்து போட்டேன். எங்கள் முட்டித் தயிரை மட்டும் விட வேண்டியிருந்தது. எருமைப் பாலில் பசும்பாலைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கொழுப்பு இருப்பதால் கடைசி வாரங்களுக்கு அது பொருந்தாது. மட்டக்களப்பானுக்கு இது எளிதான காரியமல்ல.

கடைசி வாரத்தைப் பொறுத்தவரை மாஸ்டரின் நிலைப்பாடு தெளிவானது: தண்ணீரை நிறுத்துவதில்லை, உப்பை ஒரேயடியாக வெட்டுவதில்லை, சிறுநீர் கூடிப் போகச் செய்யும் குளிசைக்கு இங்கே இடமில்லை. அந்தக் குளிசைகள் தடைசெய்யப்பட்டவை என்பதோடு, இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குழப்பி இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கக்கூடியவை. 1992 இல் நெதர்லாந்தில் போட்டியொன்றில் வென்ற கையோடு இறந்துபோன ஆணழகன் வீரர் முகமது பெனாசிசாவின் படம் ஒன்று அலுவலக அறையில் தொங்குகிறது. புதிதாகச் சேரும் இளைஞர்கள் அது யாரோ பெரிய வெற்றியாளர் என்று கேட்கும்போது மாஸ்டர் முழுக் கதையையும் சொல்கிறார். வாட்டில் நீர்க்கணக்கு எழுதப்பட்டுக் கிடந்த எனக்கு அந்தக் கதையைக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

குறைகள் பல உண்டு. கேபிள் இயந்திரத்தின் இடப்பக்கக் கப்பி உராய்கிறது. பாரம் இறங்கும்போது இடையில் ஒரு குலுக்கல் வரும், தோளில் பழைய காயம் உள்ளவர்கள் அந்தப் பக்கத்தைத் தவிர்ப்பது நல்லது. மேடை நிலைகளைப் பயிலும் கண்ணாடி முழங்காலுக்கு மேலேதான் தொடங்குகிறது. மென்ஸ் பிசிக்கில் பாதங்களை வைக்கும் விதமே இடையைக் காட்டுகிறது, அதனால் நான் வீட்டில் தொலைபேசியை நிறுத்திவைத்துப் படம்பிடித்துத்தான் திருத்திக்கொண்டேன். விளக்கு வெளிச்சம் பக்கத்திலிருந்து வருவதால் வயிற்றுத் தசை உண்மையில் இருப்பதைவிட நன்றாகத் தெரியும். அதை நம்பி மேடைக்குப் போனால் ஏமாற்றந்தான். கழிப்பறை ஒன்றுதான். மழை பெய்தால் தகரச் சத்தத்தில் மாஸ்டர் சொல்வது எதுவும் காதில் விழாது. முதலுதவிப் பெட்டி இருக்கிறது, ஆனால் நான் பார்த்தபோது அதில் பிளாஸ்டரும் கிருமிநாசினியும் மட்டுமே இருந்தன. ஆஸ்துமாக்காரர் தன் இன்ஹேலரைக் காற்சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

தள்ளிப்போட்ட போட்டியில் நான் முதல் ஐந்துக்குள் வரவில்லை. தோள் பகுதி காய்ச்சலுக்கு முந்திய நிலைக்கு முழுமையாகத் திரும்பியிருக்கவில்லை என்பது நடுவரின் குறிப்பு. எனக்கும் அது தெரிந்ததே. மேடைக்குப் பின்னால் மயங்கி விழுந்தவர்களை அன்று பார்த்தேன். நான் இன்ஹேலரை ஒரு தடவை எடுத்தேன், தண்ணீர் குடித்தேன், இரவு மட்டக்களப்புப் பஸ்ஸில் ஏறி வந்தேன். பிறகு செய்த இரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதியங்கள் வழமைக்கு வந்திருந்தன, கொப்பியின் கடைசி நிரலில் சிவப்பு எழுத்தை மாஸ்டர் வெட்டிவிட்டார்.

யார் போகலாம் என்றால், நீரிழிவோ இரத்த அழுத்தமோ ஆஸ்துமாவோ உள்ளவர்களும், நோயிலிருந்து எழும்பியவர்களும், முதன்முறை மேடையேற விரும்புபவர்களும் தயங்காமல் போகலாம். பெரிய பாரம் தூக்குபவர்களுக்கும், மூன்று மாதத்தில் ஆளே மாற வேண்டும் என்று அவசரப்படுபவர்களுக்கும் இது சரிவராது. முன்னவர்களுக்கு இரும்பு போதாது, பின்னவர்களுக்கு மாஸ்டர் போதாது. பெண்களுக்குக் காலை ஒன்பது மணி முதல் பத்தரை வரை தனி நேரம் உண்டு, அப்போது மாஸ்டரின் மூத்த மாணவி ஒருவர் பயிற்சி அளிக்கிறார். சேரும்போது கிளினிக் கொப்பி இருந்தால் கையோடு கொண்டுபோங்கள், இல்லையென்றால் இரண்டாம் முறை வரச் சொல்வார். ஞாயிறு பின்னேரம் பூட்டு. காலை ஐந்து மணிக்குப் போனால் கேபிள் இயந்திரம் காலியாக இருக்கும். ஆறரைக்குப் பிறகு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.